போர்க்காலமும் பள்ளிச் சிறுவரின் செவி, மூக்கு, தொண்டை நலமும்

போர் என்றதும் எல்லைப் பாசறையும் படைக்கலங்களும் காயமுற்ற வீரர்களுமே நம் நினைவுக்கு வருவது இயல்பு. காதில் சீழ் வடிய வகுப்பறையின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் எட்டு வயதுச் சிறுவனைப் போரோடு சேர்த்து எவரும் எண்ணுவதில்லை. ஆயினும் போர்க்காலத்தில் முதலில் கைவிடப்படும் மருத்துவப் பணிகளுள் இச்சிறுவனுக்கு உரிய பணியும் ஒன்று. மருத்துவர்கள் படைக்கு அழைக்கப்படுகின்றனர். மருத்துவமனைப் படுக்கைகள் காயமடைந்தோருக்காக ஒதுக்கப்படுகின்றன. உயிருக்கு உடனடி ஆபத்தில்லாத நோய்கள் யாவும் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. இந்த ஒத்திவைப்பினால் சிறுவனின் உயிர் போவதில்லை. அவனுடைய கல்வி போகிறது.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில், கடலுக்கு அணித்தே அமைந்த ஊர் காஞ்சிரங்குளம். அதற்குக் கிழக்கும் தெற்குமாகப் பாறசாலை வரையிலும் தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் எல்லைக் கிராமங்கள் பரவியுள்ளன. இவ்வூர்களைக் கருத்திற்கொண்டு, பள்ளிச் சிறுவரின் செவி, மூக்கு, தொண்டை நலத்தை அமைதிக் காலத்திலேயே எவ்வாறு ஏற்பாடு செய்துவைத்தால் அது நெருக்கடியிலும் நிலைக்கும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூன்று உறுப்புகள், ஒரே பாதை

செவி, மூக்கு, தொண்டை ஆகிய மூன்றையும் மருத்துவர் ஒரே துறையாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. மூக்கின் பின்புறத்திலிருந்து நடுச்செவிக்கு ஒரு மெல்லிய குழல் செல்கிறது. செவிப்பறையின் இருபுறமும் காற்றழுத்தம் சமமாக இருக்கச் செய்வது இக்குழலின் வேலை. வளர்ந்தோரிடம் இது நீண்டு சாய்வாக அமைந்துள்ளது. குழந்தைகளிடம் குறுகிய நீளமும் அகன்ற வாயும் உடையதாய்ப் பெரும்பாலும் கிடைமட்டமாக இருக்கிறது. ஆகவே சளியும் நோய்க்கிருமிகளும் மூக்கிலிருந்து செவிக்கு எளிதிற் சென்று சேர்கின்றன. மூக்கின் பின்னுள்ள அடினாய்டு என்னும் சதை வீங்கினால் குழலின் வாய் அடைபடுகிறது. நடுச்செவியில் நீர் தேங்குகிறது. கிருமி சேர்ந்தால் அந்நீர் சீழாகிறது. சீழின் அழுத்தம் மிகும்போது செவிப்பறை கிழிந்து காது வடிகிறது.

கிழிந்த செவிப்பறை பெரும்பாலும் தானே ஆறிவிடும். ஆறாமல் இரண்டு வாரங்களுக்கு மேலும் சீழ் வடிந்துகொண்டேயிருந்தால் அது நாட்பட்ட நடுச்செவி அழற்சி எனப்படும். இந்நோயுள்ள சிறுவர் பலர் முற்றிலும் செவிடராவதில்லை. ஆசிரியர் அருகில் நின்று உரக்கப் பேசினால் கேட்கிறது. கரும்பலகையின் பக்கம் திரும்பிப் பேசினால் கேட்பதில்லை. சொல்லின் பெரும்பகுதி காதில் விழுந்தாலும், ஓசை குறைந்த மெய்யெழுத்துகள் தவறிப்போகின்றன. இவ்வகைச் சிறுவனைச் செவிடன் என்று எவரும் எண்ணுவதில்லை. மந்தபுத்தி உடையவன், கவனமில்லாதவன், சொன்ன பேச்சுக் கேளாதவன் என்ற பெயர்களே அவனுக்குக் கிட்டுகின்றன. ஓரிரு ஆண்டுகள் அப்பெயரைச் சுமந்தபின் அவன் பள்ளியை விட்டு நின்றுவிடுவதும் உண்டு.

உலக நலவாழ்வு நிறுவனம் 2021-இல் வெளியிட்ட செவித்திறன் பற்றிய உலக அறிக்கை, குழந்தைப் பருவத்தில் ஏற்படும் செவித்திறன் இழப்பில் ஏறத்தாழ 60 விழுக்காடு தடுக்கத்தக்க காரணங்களால் விளைவது என்று கூறுகிறது. தடுப்பூசி, மகப்பேற்றுக் காலக் கவனிப்பு, காது நோய்க்கு உரிய காலத்தில் மருத்துவம் ஆகியவையே அத்தடுப்புக்கான வழிகள். இவற்றுள் எதுவும் அரிய கருவிகளைக் கோருவதன்று.

பள்ளி மருத்துவத்தைத் தோற்றுவித்த போர்

பள்ளி மாணவர் உடற்பரிசோதனை என்னும் ஏற்பாடு பல நாடுகளில் வேரூன்றுவதற்குப் போரே தூண்டுதலாக இருந்தது என்பது கருதத்தக்கது. 1899 முதல் 1902 வரை நடந்த தென்னாப்பிரிக்கப் போருக்கு ஆள் திரட்டியபோது, படையில் சேர முன்வந்த பிரிட்டிஷ் இளைஞருள் மிகப் பலர் உடற்குறைகளால் தள்ளப்பட்டனர். இதனால் எழுந்த கவலையின் விளைவாக ஓர் ஆய்வுக்குழு அமைக்கப்பட்டு 1904-இல் அறிக்கை அளித்தது. 1907-இல் இயற்றப்பட்ட கல்விச் சட்டம் பள்ளிக் குழந்தைகளின் மருத்துவப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. அப்பரிசோதனைகளில் மிகுதியாக வெளிப்பட்ட குறைகளுள் பல், கண் குறைகளோடு காது வடிதலும் தொண்டைச் சதை வீக்கமும் அடங்கும்.

இந்தியாவில் பரோடா அரசு 1909-இலேயே பள்ளி மாணவரை மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தியது. நாடு முழுவதற்குமான சிந்தனை இரண்டாம் உலகப் போரின் நடுவில் பிறந்தது. 1943-இல் நியமிக்கப்பட்டு 1946-இல் அறிக்கை தந்த போர் குழு, பள்ளிச் சுகாதாரத்தைப் பொதுச் சுகாதாரத்தின் பிரிக்க முடியாத பகுதியாகக் கருதியது. குழுவின் தலைவர் சர் ஜோசப் போர் என்பவர். யுத்தத்தைக் குறிக்கும் சொல்லோடு அவர் பெயர் ஒத்திருப்பது தற்செயலே. 1960-இல் ரேணுகா ராய் தலைமையில் பள்ளிச் சுகாதாரக் குழு அமைக்கப்பட்டது.

எனினும், தான் பெற்ற பிள்ளையைத் தானே கைவிடும் இயல்பும் போருக்கு உண்டு. 1939 செப்டம்பரில் போர் தொடங்கியபோது, வான்தாக்குதலில் காயமுறுவோருக்கு இடம் வேண்டி இங்கிலாந்தின் மருத்துவமனைகளிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் சில நாட்களில் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அதே நாட்களில் பள்ளிக் குழந்தைகள் பெருந்திரளாக நகரங்களிலிருந்து சிற்றூர்களுக்கு அனுப்பப்பட்டனர். ஒரு பள்ளியின் மருத்துவக் குறிப்பேடு ஓரிடத்திலும் அப்பள்ளியின் மாணவர் வேறிடத்திலும் இருக்க நேர்ந்தால், அக்குறிப்பேட்டினால் பயனில்லை. நெருக்கடிக் கால ஏற்பாட்டைப் பற்றி எண்ணும் அதிகாரி முதலில் மனங்கொள்ள வேண்டிய பாடம் இது.

நெய்யாற்றின்கரையின் அனுபவம்

எல்லைக் கிராமங்களுக்குப் பொதுச் சுகாதாரம் புதிய செய்தியன்று. 1930-களில் ராக்பெல்லர் அறநிறுவனத்தின் துணையோடு இந்தியாவில் சில இடங்களில் சுகாதாரப் பிரிவுகள் சோதனை முறையில் தொடங்கப்பட்டன. சென்னை மாகாணத்தில் பூவிருந்தவல்லி, மைசூரில் ராமநகரம், வங்கத்தில் சிங்கூர் ஆகிய இடங்களைப் போலத் திருவிதாங்கூரில் தெரிந்தெடுக்கப்பட்ட இடம் நெய்யாற்றின்கரை. பிறப்பு, இறப்புப் பதிவு, அம்மை குத்துதல், மகப்பேற்றுக் கவனிப்பு, கழிப்பிட வசதி ஆகியவற்றோடு பள்ளி மாணவரைப் பரிசோதிப்பதும் இத்தகைய பிரிவுகளின் பணியாகக் கருதப்பட்டது. நோய் வந்தபின் மருந்து கொடுப்பதைவிட நோய் வராமற் காப்பதே மேல் என்ற கொள்கை இவ்வட்டாரத்து மக்களுக்கு அப்போதே அறிமுகமாயிற்று.

தெற்கே கல்குளம் வட்டத்து நெய்யூரில், இலண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவப் பணி 1838-இலேயே தொடங்கியிருந்தது. அங்குப் பல்லாண்டுகள் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல், முதல் உலகப் போரில் பிரான்சின் சோம் போர்க்களத்தில் காயமுற்றோருக்கு மருத்துவம் செய்தவர். 1922, 1924 ஆகிய ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணங்களிலும் பங்குகொண்டவர். பெரும் போரின் அறுவைக்கூடத்தில் பயின்ற கை, சிற்றூர் மக்களுக்குத் தொண்டாற்றியதற்கு அவர் ஓர் எடுத்துக்காட்டு.

இரண்டாம் உலகப் போரில் திருவிதாங்கூரின் மீது குண்டு விழவில்லை. போர் உணவின் வழியாக வந்தது. மக்களுக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைத் திருவிதாங்கூர் வெளியிலிருந்தே பெற்றுவந்தது; அதில் பர்மா அரிசியின் பங்கு மிகுதி. 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்ததும் அவ்வழி அடைபட்டது. 1943, 1944 ஆகிய ஆண்டுகளில் திருவிதாங்கூரில் உணவுப் பஞ்சமும் அதையொட்டிய நோய்களும் பரவின. மரவள்ளிக் கிழங்கே ஏழை மக்களின் உயிரைத் தாங்கியது. வயிற்றை நிரப்பும் அக்கிழங்கில் புரதமும் உயிர்ச்சத்து ஏ-யும் மிகக் குறைவு. புரதமும் உயிர்ச்சத்தும் குன்றிய குழந்தையின் மூச்சுப் பாதைச் சவ்வு எளிதில் நோய்ப்படும். நோய்ப்பட்டது எளிதில் ஆறாது. சளியும் காது வடிதலும் பஞ்சத்தின் உடன்பிறப்புகளாக இருப்பதற்குக் காரணம் இதுவே. போர்க்காலத்தில் பள்ளி மதிய உணவு நின்றுபோகாமற் பார்த்துக்கொள்வதும் செவி நலப் பணியின் ஒரு பகுதி என்பதை அதிகாரிகள் மறத்தல் ஆகாது.

இன்று இவ்வட்டாரத்தின் நிலை வேறு. காஞ்சிரங்குளத்துக்கு வடக்கே சில கல் தொலைவில் உள்ள விழிஞ்சம் பன்னாட்டுத் துறைமுகம் 2025 மே 2-ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. திருவனந்தபுரத்தில் விண்வெளி ஆய்வு மையமும் வான்படையின் தென்னகத் தலைமையகமும் உள்ளன. அதே மே மாதம் 7-ஆம் நாள் நாடெங்கும் குடிமைப் பாதுகாப்பு ஒத்திகை நடத்தப்பட்டபோது கேரளமும் அதிற் பங்குகொண்டது. போர் தொலைவில் நிகழ்வது என்று தென்கோடி மக்கள் இனி எண்ணியிருத்தல் இயலாது.

வெடியோசையும் செவிப்பறையும்

குண்டு வெடிக்கும்போது எழும் காற்றழுத்த அலையால் உடலுறுப்புகளுள் மிக எளிதிற் பாதிக்கப்படுவது செவிப்பறை. மேலே காயமின்றித் தப்பியவரின் செவிப்பறையும் கிழிந்திருக்கக்கூடும். காதில் வலி, இரத்தக் கசிவு, இரைச்சல், கேளாமை ஆகியவை இதன் அறிகுறிகள். சிறு கிழிசல்கள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமாகவே மூடிக்கொள்கின்றன. அதுவரை காதுக்குள் நீர் புகாமற் காப்பதே முதன்மையான மருத்துவம். எண்ணெய், பச்சிலைச் சாறு, கைக்குக் கிடைத்த சொட்டு மருந்து ஆகியவற்றை ஊற்றுவதால் ஆறவேண்டிய புண் சீழ்ப் பிடிக்கிறது.

இரண்டாவது வகைப் பாதிப்பு, உட்செவியில் நத்தை வடிவில் உள்ள உறுப்பின் நுண்மயிர்ச் செல்களுக்கு ஏற்படுவது. இச்செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. 85 டெசிபெல் அளவுள்ள ஓசையை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வரை தாங்கலாம் என்பது பொதுக் கணக்கு. ஓசை மூன்று டெசிபெல் கூடும்போதெல்லாம் தாங்கத்தக்க நேரம் பாதியாகக் குறைகிறது. திடீர் வெடியோசையைப் பொறுத்தவரை, குழந்தைகளுக்கு 120 டெசிபெல் உச்சத்தைத் தாண்டலாகாது என்று உலக நலவாழ்வு நிறுவனம் வரையறுத்துள்ளது. கோயில் திருவிழா வெடிக்கட்டும் தேவாலயப் பெருநாள் வாணவேடிக்கையும் மிகுந்த இவ்வட்டாரத்தில், போரில்லாத காலத்திலும் இந்த எல்லை மீறப்படுகிறது.

1965, 1971 ஆகிய ஆண்டுகளின் போர்க்கால ஒத்திகைகளில், அபாயச் சங்கு ஒலித்ததும் தரையில் குப்புறப் படுத்துச் செவிகளை அடைத்துக்கொள்ளுமாறு மக்களுக்குக் கற்பிக்கப்பட்டது. பள்ளி ஒத்திகையில் இப்பழக்கத்தைச் சேர்ப்பதற்குச் செலவேதும் இல்லை. வெடிக்குப்பின் ஓரிரு நாட்களில் கேள்வித் திறன் மீளாத சிறுவனைக் காலந்தாழ்த்தாமல் காது மருத்துவரிடம் அனுப்புவது, ஒத்திகைக்குப் பிந்திய பணியாக ஆசிரியருக்கு அறிவுறுத்தப்பட வேண்டும். அதிர்ச்சியால் பேசாதிருக்கிறான் என்று கருதப்படும் சிறுவன், உண்மையில் கேளாதிருக்கக்கூடும்.

நெரிசலும் தொண்டை நோயும்

போர் மக்களை இடம்பெயர்த்து ஓரிடத்தில் நெருக்குகிறது. நெரிசலில் தொண்டை நோய்கள் தழைக்கின்றன. இரண்டாம் உலகப் போரின்போது, 1943-ஆம் ஆண்டில் மட்டும் ஐரோப்பாவில் ஏறத்தாழ பத்து லட்சம் பேருக்குத் தொண்டை அடைப்பான் நோய் கண்டது. ஏறத்தாழ 50,000 பேர் மாண்டனர் என்று மதிப்பிடப்படுகிறது. 2017-இல் வங்கதேசத்தின் ரோஹிங்கியா அகதி முகாம்களில் அதே நோய் பரவியது. 2016-இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்திலும் அது தலைதூக்கியது. தடுப்பூசி போடாதோர் எங்கே திரள்கின்றனரோ அங்கே அது மீண்டும் எழும் என்பதற்கு இவை சான்று. குழந்தைப் பருவத் தடுப்பூசிகளோடு நின்றுவிடாமல், ஐந்து முதல் ஆறு வயதிலும் 10, 16 ஆகிய வயதுகளிலும் உரிய ஊக்க ஊசிகளைப் போடுவதைப் பள்ளி உறுதிசெய்ய வேண்டும். தொண்டையில் சாம்பல் நிறப் படலமும் கழுத்து வீக்கமும் கண்டால் அதே நாளில் மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் வரும் தொண்டை வலி மற்றொரு வகையில் ஆபத்தானது. ஐந்து முதல் 15 வயதுக்குட்பட்ட சிலரிடம் அது வாதக் காய்ச்சலாக முற்றி இதய வால்வுகளைக் கெடுத்துவிடுகிறது. படைவீரர் குடியிருப்புகளின் நெரிசலில் இந்நோய் மிகுந்ததால், அமெரிக்க இராணுவம் இதனை ஆராயத் தூண்டப்பட்டது. தொண்டை வலி தொடங்கிய ஒன்பது நாட்களுக்குள் பென்சிலின் கொடுத்தால் வாதக் காய்ச்சலைத் தடுக்கலாம் என்னும் உண்மை அவ்வாராய்ச்சிகளின் பயனாக உறுதிப்பட்டது. 1928-இல் கண்டறியப்பட்ட பென்சிலின், பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்டதும் போர்த் தேவையால்தான். காய்ச்சலும் கழுத்துக் கட்டியும் உண்டு, இருமலும் மூக்கொழுகலும் இல்லை என்ற நிலையில் வரும் தொண்டை வலியை ஆசிரியர் பொருட்படுத்த வேண்டும். ஏழைச் சிறுவனின் தொண்டையைக் கவனித்தால் அவனுடைய இதயம் காக்கப்படுகிறது.

நெரிசலின் விளைவைக் காண எல்லைக் கிராம மக்கள் தொலைவுக்குச் செல்ல வேண்டியதில்லை. இலங்கையில் 1983 முதல் மூண்ட போரால் தாயகம் துறந்து வந்த தமிழ்க் குடும்பங்கள், அண்டைக் குமரி மாவட்டத்தின் பழவிளை, கோழிவிளை, ஞாறாம்விளை, பெருமாள்புரம் ஆகிய இடங்களில் முகாம்களில் வாழ்ந்து வருகின்றன. ஒற்றை அறையில் சமையல் புகையும் பலர் மூச்சும் கலக்கும் வாழ்க்கையில் குழந்தைகளுக்குச் சளி ஓயாது. சளி ஓயாத இடத்தில் காது நோயும் ஓயாது. போர் முடிந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் அதன் விளைவு குழந்தையின் செவியில் தங்கியிருத்தல் கூடும்.

அறுவைக்கு முன் பொறுமை

மருத்துவ வசதி குறைவதால் தீமை மட்டுமே விளையும் என்று கருதுவதும் முழு உண்மையாகாது. டான்சில் எனப்படும் தொண்டைச் சதையை அகற்றும் அறுவை இதற்குச் சான்று. 1934-இல் அமெரிக்கக் குழந்தை நலச் சங்கம் வெளியிட்ட ஆய்வில், நியூயார்க் நகரப் பள்ளிகளைச் சேர்ந்த 1,000 சிறுவருள் 611 பேருக்கு ஏற்கெனவே அச்சதை அகற்றப்பட்டிருந்தது. மீதி 389 பேரை மருத்துவர்கள் பார்த்து 174 பேருக்கு அறுவை தேவை என்றனர். தேவையில்லை எனப்பட்ட 215 பேரை வேறு மருத்துவர்களிடம் அனுப்பியபோது 99 பேருக்கு அறுவை பரிந்துரைக்கப்பட்டது. எஞ்சிய 116 பேரை மூன்றாம் முறை அனுப்பியபோதும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அதே தீர்ப்புக் கிடைத்தது. இறுதியில் தப்பியவர் 65 பேரே. 1938-இல் இங்கிலாந்தில் அலிசன் குளோவர் என்னும் மருத்துவர் ஆராய்ந்தபோது, அடுத்தடுத்த ஊர்களிடையே இவ்வறுவையின் அளவு பன்மடங்கு வேறுபடுவதையும் அதற்கு நோயின் மிகுதி காரணமாகாததையும் கண்டார்.

ஓராண்டில் ஏழு முறை, அல்லது தொடர்ந்து இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு ஐந்து முறை, அல்லது மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு மூன்று முறை கடுமையான தொண்டை அழற்சி வந்தாலன்றிப் பொறுத்திருந்து பார்க்கலாம் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். தூக்கத்தில் மூச்சு தடைப்படுதல் போன்ற நிலைகள் இதற்கு விலக்கு. அறுவைக்கூடத்துக்கு வழியில்லாத காலத்தில், எவருக்கு அறுவை உண்மையிலேயே தேவை என்று பிரித்தறிய இவ்வளவுகோல் உதவும். அதைப் பயன்படுத்துவதற்கோ எத்தனை முறை நோய் வந்தது என்னும் குறிப்பு வேண்டும். அக்குறிப்பை எழுதிவைக்கத்தக்க இடம் பள்ளியே.

இரு மொழி, ஒரு செவி

1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு ஆட்சியைப் பிரித்ததேயன்றி மக்களின் பேச்சைப் பிரிக்கவில்லை. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளரும் குழந்தைகள் இங்குண்டு.

இங்கேதான் செவிக்குறை மறைந்துகொள்கிறது. ஆசிரியர் கேட்ட கேள்விக்குச் சிறுவன் விழிக்கிறான். வீட்டு மொழி வேறு, அதனால் விளங்கவில்லை என்று ஆசிரியர் கருதுகிறார். பள்ளிக்கூடத்து மொழி கடினம், போகப்போகச் சரியாகும் என்று பெற்றோர் ஆறுதல் கொள்கின்றனர். இருவரும் நல்லெண்ணத்தோடு காத்திருக்கையில் அவன் காதில் நீர் தேங்கிக் கிடக்கிறது. இதற்கு நேர்மாறாக, மொழி விளங்காத குழந்தையைச் செவிடென்று முடிவு கட்டும் பிழையும் நேரக்கூடும். இடம்பெயர்ந்த மக்கள் வந்து சேரும் போர்க்காலத்தில் இக்குழப்பம் பன்மடங்காகும்.

தீர்வு எளியது. செவிச் சோதனைக்கு இரு மொழிக்கும் பொதுவான சொற்களையே எடுத்துக்கொள்ள வேண்டும். அம்மா, மரம், கல், கை, கால், வீடு, பால் போன்ற சொற்கள் தமிழுக்கும் மலையாளத்துக்கும் உரியவை. ஆசிரியர் சிறுவனுக்குப் பின்னால் ஒரு கை நீளத் தொலைவில் நிற்க வேண்டும், உதட்டசைவு தெரியக்கூடாது. ஒரு காதின் முன்னுள்ள குருத்தை விரலால் மெல்ல அழுத்தித் தேய்க்கச் செய்து, மறு காதைச் சோதிக்க வேண்டும். மூச்சை வெளிவிட்டபின் மெல்லிய குரலில் மூன்று சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் செய்ய வேண்டும். பிழை நேர்ந்தால் வேறு மூன்று சொற்கள். ஆறு சொற்களுள் மூன்றையேனும் சரியாகச் சொல்லாத சிறுவனை மேற்பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மின்சாரம் இல்லாத இடத்திலும், மரத்தடிப் பள்ளியிலும், முகாமிலும் இச்சோதனையை நடத்தலாம்.

ஆசிரியரும் பெற்றோரும் செய்யத்தக்கவை

காது வடியும் குழந்தைக்குச் செய்யவேண்டிய முதல் உதவி காதை உலர்த்துதல். சுத்தமான பருத்தித் துணியையோ உறிஞ்சும் தாளையோ திரியாகத் திரித்து, காதினுள் மெல்ல வைத்து, நனைந்ததும் எடுத்துவிட்டுப் புதிய திரி வைக்க வேண்டும். திரி உலர்ந்து வரும்வரை இதைத் தொடர வேண்டும். நாளொன்றுக்கு மூன்று முறையேனும் இவ்வாறு செய்தல் நலம். குச்சியையோ ஊக்கையோ கோழி இறகையோ பயன்படுத்தலாகாது. காது உலரும்வரை குளத்திலும் ஆற்றிலும் முழுகிக் குளித்தல் கூடாது. நெய்யாற்றின் கரையில் வளரும் பிள்ளைகளுக்கு இது கடினமான கட்டுப்பாடே எனினும் தவிர்க்க இயலாதது. உலர்த்தியபின் இட வேண்டிய சொட்டு மருந்தை மருத்துவர் எழுதித்தர வேண்டும்.

காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. செவிப்பறை கிழிந்த காதில் அது தீங்கு விளைக்கும். மூக்கில் பயறோ விதையோ போட்டுக்கொண்ட குழந்தைக்கு நீர் ஊற்றக்கூடாது; விதை ஊறிப் பெருத்துவிடும். சிறு பொத்தான் மின்கலம் மூக்கிலோ காதிலோ புகுந்தால் சில மணி நேரத்தில் திசுவை அரித்துவிடும். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூக்கில் இரத்தம் வடிந்தால் குழந்தையை முன்புறம் குனிந்து அமரச் செய்து, மூக்கின் மென்பகுதியைப் பத்து நிமிடம் விடாது பிடித்திருக்க வேண்டும். அண்ணாந்து படுக்க வைத்தல் தவறு.

காதின் பின்புற எலும்பில் வீக்கமும் வலியும், முகம் ஒருபுறம் கோணுதல், காய்ச்சலோடு கடுந்தலைவலியும் வாந்தியும், மயக்கம் ஆகியவை சீழ் உள்ளே பரவுவதன் அடையாளங்கள். இவற்றைக் கண்டபின் ஒரு நாளும் தாமதித்தல் கூடாது. போர்க்கால மருத்துவமனையில் இடம் கேட்டுப் போராட வேண்டிய குழந்தை இதுவே. எஞ்சிய குழந்தைகளைப் பள்ளியிலும் வீட்டிலும் கவனித்துக்கொண்டால், இக்குழந்தைக்கு இடம் கிடைக்கும்.

திட்டங்களும் இடைவெளிகளும்

செவிக்குறையைத் தடுக்கும் தேசியத் திட்டம் 2007-இல் சில மாவட்டங்களில் முன்னோடியாகத் தொடங்கப்பட்டுப் பின்னர் விரிவாக்கப்பட்டது. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தை நலத் திட்டத்தின்கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோரைச் சோதித்தறியும் நிலைகளின் பட்டியலில் நடுச்செவி அழற்சி, செவித்திறன் குறை, வாத இதய நோய் ஆகியவை இடம்பெற்றுள்ளன. 2020-இல் தொடங்கப்பட்ட பள்ளி நலவாழ்வுத் திட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியரை நலவாழ்வுத் தூதுவராகப் பயிற்றுவிக்க வகைசெய்தது. 1997-இல் நிறுவப்பட்ட தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் திருவனந்தபுரத்திலேயே உள்ளது. உட்செவிக் கருவி பொருத்தும் அறுவைக்குக் கேரள அரசு 2012 முதல் உதவி வருகிறது. ஆகவே திட்டங்களுக்குக் குறைவில்லை. ஊர்திகள் ஓடாமலும் மருத்துவக் குழுக்கள் வாராமலும் போகும் நெருக்கடியில் இவை எவ்வாறு நடைபெறும் என்பதே கேள்வி. இதற்குப் பின்வரும் ஏற்பாடுகள் பயன்படும்.

ஒன்று: ஒவ்வொரு மாணவனுக்கும் செவி, மூக்கு, தொண்டைக் குறிப்புள்ள ஓர் அட்டை இருக்க வேண்டும், அது மாணவனோடு செல்ல வேண்டும். எல்லைக் கிராமங்களில் அவ்வட்டை தமிழிலும் மலையாளத்திலும் அச்சிடப்படுதல் நன்று. பாறசாலையில் எழுதியதைக் களியக்காவிளையிலும் படிக்க இயல வேண்டும்.

இரண்டு: பயிற்சி பெற்ற ஆசிரியர் ஆண்டுக்கு இருமுறை மெல்லொலிச் சோதனை நடத்த வேண்டும். மழைக்காலச் சளிக்குப்பின் ஒருமுறை நடத்துவது பொருத்தம்.

மூன்று: பள்ளியின் முதலுதவிப் பெட்டியில் சுத்தமான பருத்தித் துணியும் அறிகுறிகளை விளக்கும் சுவரொட்டியும் இருக்க வேண்டும்.

நான்கு: குடிமைப் பாதுகாப்பு ஒத்திகையில் செவிக்காப்பும், வெடிக்குப் பிந்திய செவிச் சோதனையும் சேர்க்கப்பட வேண்டும்.

ஐந்து: எந்த நோயாளியை எங்கு அனுப்புவது என்ற ஏற்பாட்டில், அண்டை மாநிலத்து மருத்துவமனைகளும் அடங்க வேண்டும். நெருக்கடியில் அருகிலுள்ளதே நல்ல மருத்துவமனை. அது எந்த மாநிலத்தைச் சேர்ந்தது என்பது இரண்டாம் கேள்வி.

ஆறு: இடம்பெயர்ந்து வந்த குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே தடுப்பூசி நிலையும் செவித்திறனும் பார்க்கப்பட வேண்டும்.

இவற்றுக்கு வேண்டும் செலவு சிறிது. வேண்டும் முன்யோசனை பெரிது. போர் மூண்டபின் ஆசிரியரைப் பயிற்றுவிக்கவோ அட்டை அச்சிடவோ எவருக்கும் நேரமிராது. நெய்யாற்றின்கரையில் 1930-களில் விதைக்கப்பட்ட எண்ணம், நோய் வராமற் காக்கும் பொறுப்பு ஊரோடும் பள்ளியோடும் இருக்க வேண்டும் என்பதே. கடைசி வரிசைச் சிறுவனை முன்வரிசைக்கு அழைத்து, அவன் பின்னால் நின்று, அம்மா, மரம், கல் என்று மெல்லச் சொல்லிப் பார்ப்பதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. அச்சிறு செயலை எல்லாப் பள்ளிகளிலும் ஒழுங்காக நடைபெறச் செய்வதற்கே அரசாணை தேவை.